ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பிறக்கும் நெருப்பு

மலேசியாவின் லிங்கி பக்கம் விடியற்காலையில் பழைய கார் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கப்பட்டதுதான். இரவெல்லாம் மழை பெய்திருக்கும். ஆற்றோரத்துப் பனிமூட்டம் செம்பனை மரங்களுக்கு நடுவே இன்னும் கலையாமல் நிற்கும். சாவியைத் திருகினால் கஞ்சில் கார் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகும் கார் முழுக்க ஒரு நடுக்கம். மூன்று சிலிண்டரில் ஒன்று சும்மா இருக்கிறது என்று அர்த்தம். நாலு கிலோமீட்டர் ஓடி இஞ்சின் சூடானதும் நடுக்கம் நின்றுவிடும். நாமும் அதை மறந்துவிடுவோம். பிறகொரு நாள் குடும்பத்தோடு கோலப் பிலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் அதே நடுக்கம் திரும்ப வரும். எவ்வளவு மிதித்தாலும் கார் ஏறாது.

இப்படிப்பட்ட கோளாறுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, பார்ப்பதற்கு மிகவும் சுலபமானது, விலையிலும் மலிவானது ஒன்றுதான்: ஸ்பார்க் பிளக்.

பிளக்கின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சிலிண்டருக்குள் அழுத்தி வைக்கப்பட்ட பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவைக்கு, சரியான கணத்தில் தீ வைக்க வேண்டும். சொல்வது எளிது. பேட்டரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். அந்த மின்சாரத்தால் தலைமுடி அளவு காற்றைக்கூடத் தாண்ட முடியாது. அதனால்தான் இக்னிஷன் காயில் தேவைப்படுகிறது. அதற்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் உள்ளன. ஒன்றில் சுற்றுகள் குறைவு, மற்றொன்றில் பல்லாயிரம். முதல் சுற்றில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால், அதுவரை அங்கிருந்த காந்தப்புலம் சரிகிறது; அந்தச் சரிவு இரண்டாவது சுற்றில் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டை எழுப்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்த உயர் அழுத்த மின்சாரம் பிளக்கின் நடுக்கம்பி வழியாக இறங்கி, நுனியில் உள்ள ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது.

பெல்ஜியத்தில் பிறந்த எத்தியென் லெனுவார் 1860-இல் பாரிசில் செய்த எரிவாயு இஞ்சினிலேயே மின்பொறி இருந்தது. ஆனால் வேகமாகச் சுழலும் கார் இஞ்சினுக்கு நம்பகமான பொறி கிடைத்தது 1902-இல்தான். ராபர்ட் போஷின் பட்டறையில் பொறியாளராக இருந்த கோட்லோப் ஹோனோல்ட், காந்தத்தால் மின்சாரம் எழுப்பும் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் ஒன்றாக உருவாக்கினார். அந்த போஷ் நிறுவனத்தின் ஒரு கிளையாக 1951-இல் இந்தியாவில் தொடங்கிய மைக்கோ, பெங்களூர் ஆடுகோடியில் பிளக் செய்தது. மலேசியாவில் 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்த பிறகு, தோட்டத்து லயன் வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் காரும் நிற்கத் தொடங்கியது. நூறு ஆண்டுகளில் உலோகம் மாறியது, பீங்கான் மேம்பட்டது. ஆனால் ஹோனோல்ட் இன்று வந்து ஒரு பிளக்கைப் பார்த்தால் அது என்னவென்று யாரிடமும் கேட்க மாட்டார்.

இனி அந்த ஏற்றத்துக்கு வருவோம். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் கார் மலையேறும்போது மட்டும் ஏன் திணற வேண்டும்? பதில் 1889-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷென் கண்டறிந்த விதியில் இருக்கிறது. ஒரு வாயுவைத் தாண்டிப் பொறி பாய எத்தனை வோல்ட் வேண்டும் என்பது, இடைவெளியின் நீளத்தையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அளவைப் பொறுத்தது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை நெருக்கி அழுத்தப்பட்டிருப்பதால் அதே மில்லிமீட்டருக்குப் பல மடங்கு வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போகும் காற்று கூடுகிறது, அழுத்தம் கூடுகிறது, தேவைப்படும் வோல்ட்டும் கூடுகிறது. தேய்ந்த பிளக்கில் இடைவெளி ஏற்கெனவே அகன்றிருக்கும். இரண்டும் சேர்ந்து காயிலின் சக்தியை மீறும் இடம்தான் அந்த ஏற்றம். பொறி விழாது, அல்லது வேறு சுலபமான வழியில் கசிந்துவிடும். ஆகவே நிறுத்தி வைத்த காரில் இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு “பிளக் நல்லாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிளக் ஏன் தேய்கிறது? நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். இஞ்சின் சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு பிளக்கிலும் 1,000 பொறி. 20,000 கிலோமீட்டருக்கு 2 கோடி. ஒவ்வொரு பொறியும் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கூர்மையான விளிம்பிலிருந்து மின்சாரம் எளிதில் பாயும் என்பதால் முதலில் கரைவது அந்த விளிம்புதான். விளிம்பு மழுங்கியதும் இன்னும் அதிக வோல்ட் கேட்கிறது. காயிலுக்கு வேலை கூடுகிறது. சாதாரண நிக்கல் பிளக்கைச் சுமார் 20,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வது இதனால்தான்.

நிக்கல் 1,455 டிகிரி செல்சியசில் உருகும். பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. உருகுநிலை உயர்ந்த உலோகம் பொறியைத் தாங்கும் என்பதால் நுனியை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கல் பிளக்கின் நடுமுனை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், சில இரிடியம் பிளக்குகளில் அது 0.4 மில்லிமீட்டர்தான். மெல்லிய நுனியில் குறைந்த வோல்ட்டிலேயே பொறி விழும். பிறந்த நெருப்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் உலோகமும் குறைவு. இரு முனைகளிலும் விலையுயர்ந்த உலோகம் பொருத்திய நீண்டநாள் பிளக் 100,000 கிலோமீட்டர் வரை வரும். ஆனால் பெட்டியில் ‘இரிடியம்’ என்று இருப்பதெல்லாம் அவ்வளவு வராது. நடுமுனை மட்டும் இரிடியம், எதிர்முனை சாதாரண நிக்கல் என்று வரும் பிளக்குகள் அதில் பாதிகூட ஓடாமல் போகலாம். இன்னொன்று: இஞ்சின் ஆரோக்கியமாக இருந்து பழைய பிளக்கும் சரியாக இருந்தால், இரிடியம் போட்டதால் குதிரைத்திறன் கூடப்போவதில்லை. விற்பவர் சொல்லும் ‘பவர்’ பெரும்பாலும் தேய்ந்த பிளக்கைக் கழற்றியதால் வந்த பவர்.

சூட்டு விவகாரம்தான் தோட்டப்புறத்துக் கார்களுக்கு முக்கியமானது. பிளக்கின் பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 முதல் 800 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரி எரியாமல் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாகத் தாண்ட வேண்டிய மின்சாரம் அந்தக் கரியில் நழுவி இறங்கிவிடும். 800-ஐத் தாண்டிக்கொண்டே போனால் மூக்கே தணல்போல் சிவந்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அது பிஸ்டனை ஓட்டை போடக்கூடிய ஆபத்து. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே வைத்திருக்கத்தான் பிளக்குகளில் ‘சூட்டு எண்’ உண்டு. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும். அது ‘ஹாட்’ பிளக். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இஞ்சின் தலைக்கு இறங்கிவிடும், அது ‘கோல்ட்’. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூட குளிர்ந்த வகை. போஷில் இது தலைகீழ். ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கக்கூடாது.

லிங்கியில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, திரும்ப வீடு என்று மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே வாரம் முழுவதும் கழிக்கும் கார்கள் உண்டு. இவற்றின் பிளக் 450 டிகிரியைத் தொடுவதற்குள் இஞ்சின் அணைக்கப்பட்டுவிடும். கரி சேரும். மைல் மீட்டரில் குறைவாகத்தான் ஓடியிருக்கும், ஆனால் பிளக் கறுத்திருக்கும். இதற்கு மருந்து கடையில் இல்லை. பெடாஸ் லிங்கி டோலில் ஏறி சிம்பாங் அம்பாட் வரை நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு தடவை போய் வந்தால், மூக்கு சூடேறித் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பிளக்கை அடிக்கடி மாற்றுவதைவிட இது மலிவு.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சந்தேகம் அடிக்கடி எழுகிறது. ரோன் 97 ஊற்றினால் பிளக் சுத்தமாகுமா? ஆகாது. அந்த எண், அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடித்து ‘நாக்’ அடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் அளவு. சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1960-களிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் இயங்குகின்றன. ஷெல் கட்டியது இன்று ஹெங்யுவானிடம் இருக்கிறது. எஸ்ஸோ கட்டியது பெட்ரோனிடம். பக்கத்திலேயே பெட்ரோல் காய்ச்சும் ஊரில் இருந்துகொண்டு எண்ணைப் பார்த்து ஏமாறுவானேன்? 95 போதும் என்று கார் கையேட்டில் இருந்தால் 95 போதும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கதை பிளக் ஒயரில் இருக்கிறது. இன்று செம்பனை நிற்கும் பல தோட்டங்களில் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம்தான். அந்தப் பாலில் ஒரு பங்கு கார் டயராகப் போனது, ஒரு பங்கு மின்கம்பிக்கு உறையாகப் போனது. இயற்கை ரப்பர் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், நன்றாக வளையும். ஆனால் பிளக் ஒயருக்கு அது நிலைக்கவில்லை. உயர் அழுத்த மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் ஓசோன் உண்டாகிறது. ரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. அதில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் குறிபார்த்து அறுப்பது அந்தப் பிணைப்புகளைத்தான். கம்பி வளைந்து ரப்பர் இழுபட்டிருக்கும் இடத்தில் விரிசல் விழுகிறது. பழைய டயரின் பக்கவாட்டில் மெல்லிய கோடுகளாகத் தெரிவதும் இதே விரிசல்தான். அதனால் ஒயர் உறையும் பிளக் தொப்பியும் சிலிகோனுக்கு மாறின. சிலிகானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த அந்தச் சங்கிலியில் ஓசோன் அறுப்பதற்கு இரட்டைப் பிணைப்பு இல்லை. இருந்தாலும் வருடக்கணக்கான சூட்டில் சிலிகோனும் இறுகும், கிழியும்.

மழைக்காலக் காலை நடுக்கத்துக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான். தொப்பியில் விரிசல், பிளக் குழியில் ஈரம், பீங்கானின் வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே தாண்ட வேண்டிய மின்சாரம் பீங்கானின் வெளிப்பக்கம் வழியாகவே இரும்புக்கு ஓடிவிடுகிறது. சூடாகி ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடுவதால் நோய் மறைந்துவிட்டதாகத் தோன்றும். இரவில் பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், கிழிந்த ஒயரில் நீலப் பொறி சொடுக்குவது கண்ணுக்கே தெரியும். கை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அடி ஆளைத் தூக்கிப்போடும். இதய நோயாளிக்கு அதைவிட மோசம். ஒயர் இல்லாமல் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்காரும் மைவி போன்ற கார்களிலும் இதே கசிவு வரலாம். அங்கே கிழிவது காயிலின் ரப்பர் குழாய். இஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதற்கு மறுநாள் பட்டறைக்கு வரும் கார்கள் இந்த ரகம்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல்தான் இது. மூக்கு வெளிர் பழுப்பாக இருந்தால் இஞ்சினுக்கு நோயில்லை. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று போதவில்லை. செம்மண் சாலையில் லாரிக்குப் பின்னாலேயே ஓடும் பழைய கார்புரேட்டர் கார் என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். எண்ணெய் ஈரத்தோடு கறுப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. புதுப் பிளக் போட்டாலும் அது சீக்கிரம் இதே கதிக்கு வரும். பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறியே விழவில்லை. மூக்கு வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. கலவை மெலிந்திருக்கலாம், பிளக் தவறான வகையாக இருக்கலாம், சரியாக முறுக்காமலும் இருக்கலாம். பிளக் வாங்கும் சூட்டில் பெரும்பகுதி மரை வழியாகவும் அடி வளையம் வழியாகவும்தான் இஞ்சின் தலைக்கு இறங்குகிறது. தளர்ந்த பிளக்குக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

பார்க்கும்போது எல்லாப் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. எல்லாம் ஒரே நிறத்தில் கெட்டிருந்தால் குற்றம் பொதுவானது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் குற்றவாளி அந்தச் சிலிண்டரில் இருக்கிறான். ஓர் அட்டைத் துண்டில் 1, 2, 3 என்று எழுதி அதே வரிசையில் வைத்தால் குழப்பம் இல்லை. இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். வெளிப்பீங்கானில், இரும்புக் கூட்டுக்குச் சற்று மேலே, பழுப்பு வளையம் ஒன்று படிந்திருக்கும். அதைக் காட்டி “காஸ் லீக்” என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் அது உயர் அழுத்த மின்சாரம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறைதான். அதனால் கெடுதல் இல்லை.

மாற்றும் வேலை கடினமில்லை, அவசரம்தான் ஆகாது. இஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இஞ்சின் தலை அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும், பிறகு செலவு வெள்ளிக் கணக்கில் எங்கேயோ போய்விடும். ஒயரை இழுக்கக்கூடாது, தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஒயர் உள்ள காரில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது நல்லது. மாற்றிச் செருகினால் வெடிக்கும் வரிசை தவறி இஞ்சின் கிளம்பாது. பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் குழியைக் காற்றடித்து ஊதிவிடுங்கள். நம் செம்மண் தூசி சிலிண்டருக்குள் விழுந்தால் அது சாணைக்கல்லின் வேலையைச் செய்யும்.

புதுப் பிளக்கை உள்ளே இறக்கும்போது ஸ்பேனர் வேண்டாம். ஒரு சாண் ரப்பர் குழாயை அதன் தலையில் மாட்டி விரலால் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி எச்சரித்துவிடும். ஸ்பேனர் எச்சரிக்காது, அறுத்துவிடும். கையால் இறுகியதும், வளையம் உள்ள புதிய 14 மில்லிமீட்டர் பிளக் என்றால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ஏற்கெனவே நசுங்கிய வளையத்தோடு பழைய பிளக்கையே திரும்பப் போடும்போது சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். மரைக்குக் கிரீஸ் தடவும் பழக்கத்தை விட்டுவிடலாம். வழவழப்பில் கை உணராமல் அதிகம் முறுக்கி மரையை நீட்டிவிடும்; இன்றைய பிளக்கின் மரையில் துருப்பிடிக்காத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது.

பழைய பிளக்கை மணல்தாளில் தேய்த்துப் பெட்ரோலில் கழுவிப் போடும் வழக்கம் புல் வெட்டும் மெஷினோடும் கப்சாய் மோட்டார் சைக்கிளோடும் வளர்ந்த தலைமுறையின் கைப்பழக்கம். நடுவழியில் நின்றுவிட்டால் நிக்கல் பிளக்குக்கு அது ஆபத்துக்கு உதவும். கம்பி பிரஷ் போட்டால் பீங்கானில் உலோகக் கோடு விழுந்து, அதுவே கசிவுக்குப் பாதையாகும். இரிடியம் நுனியைத் தொடவே கூடாது. இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று கேஜை அதற்குள் நுழைத்தால் முடியளவு நுனி உடைந்துவிடும்.

கடையில் கேட்கும்போது கார் பெயரைச் சொல்லாமல் பிளக் எண்ணைச் சொல்லுங்கள். அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு. உதாரணமாக என்ஜிகேயின் பிகேஆர்6இ-11. இதில் ‘பிகே’ என்பது 14 மில்லிமீட்டர் மரையும் 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் அளவும்; ‘ஆர்’ உள்ளே மின்தடை இருப்பதைச் சொல்கிறது; 6 சூட்டு எண்; ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர்; 11 என்றால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். மரை நீளம் கூடினால் பிஸ்டன் பிளக்கில் முட்டலாம். மின்தடை இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் மின்னல் எஃப்எம்மோடு கரகரப்பும் கேட்கும், இஞ்சின் கம்ப்யூட்டரும் குழம்பலாம். போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தால், எதிர்முனை நடுமுனைக்கு நேராக இல்லாவிட்டால், அடி வளையம் மரையிலிருந்து தானாக நழுவி விழுந்தால், விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் வாங்காதீர்கள்.

இத்தனையும் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதைத் தனக்குள்ளேயே எரித்து, சூடு தாங்காமல் அதன் பீங்கான் தேனடை உருகிவிடும். ஒரு செட் பிளக்கின் விலையைப்போல் பல மடங்கு அங்கே போகும். புதிய கார்களில் இஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பட்டறையில் காட்ட வேண்டும் என்று பொருள். அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பொறி தவறி கன்வெர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது அடுத்த டோல் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.